ராகம் விட்டால் சொல்லும் விட்டுப்போகிறது

ஐயா, பாரிஸில் இருக்கும் அக்காவின் பிள்ளைகளோடு கதைக்கப் பிரெஞ்சு படிக்கிறேன். அழுகிறவரைத் தேற்றும் பாட்டொன்றை, களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் கேட்கிறேன். வரிகளுக்குக் கீழே தமிழில் உச்சரிப்பும் எழுதிவைத்தேன். முழுப்பாட்டும் பாடம். போனில் மட்டும் ஒரு சொல்லும் வாயில் வருவதில்லை. ஏன்?
— வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சி,

சொற்கள் ராகத்தோடு ஒட்டிவிட்டன. மூன்றாம் வரி வேண்டுமென்றால் முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டு வரவேண்டியிருக்கும். பல்லவியில் நாலு வரி மட்டும் எடுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக்கிக் கேளுங்கள். பிறகு பாட்டை நிறுத்தி, பேச்சுக் குரலில், கடைசி வரியிலிருந்து மேலே சொல்லிப் போங்கள். பஸ்ஸில் கேட்பது காதுக்கு நல்லது, வாய்க்கு உதவாது.

பாட்டில் உச்சரிப்பும் மாறும். கண்ணீர்த்துளி பேச்சில் 'லார்ம்', ஒரே அசை. மெட்டுக்காகக் கடைசி எழுத்தையும் இழுத்து 'லார்-ம' என்று பாடுவார்கள். 'அழாதே' எழுத்தில் 'ந ப்லேர் பா'. வீட்டுப் பேச்சில் 'ந' விழுந்துவிடும். மரியாதைக்குரியவரிடம் 'ந ப்லெரே பா' என்று சொல்லவேண்டும். பாட்டு அதைச் சொல்லித்தராது.

கீழே எழுதிய தமிழை அழித்துவிடுங்கள். (நானும் இங்கே தமிழில்தான் எழுதுகிறேன், சத்தத்துக்குப் பாட்டையே நம்புங்கள்.) 'மெல்ல மெல்ல' என்று ஆற்றும் 'தூ தூ'வில் முதலாவது வல்லொலி, இரண்டாவது மெல்ல அதிரும். தமிழில் இரண்டும் ஒன்றாகி, துப்புகிற மாதிரி இருக்கும்! பிரெஞ்சு எழுத்திலேயே எழுதி, ஒலிக்காததைப் பென்சிலால் வெட்டுங்கள். 'என் கைக்குள் வா' என்பதற்கு 'வியான் தோன் மே ப்ரா'. நாலு சொல்லும் 'எஸ்' எழுத்தில் முடிகின்றன, நாலும் ஊமை. முதல் இரண்டின் 'ன்' மூக்கால் போகட்டும், நாக்கு மேலே தொடக்கூடாது. ஆனால் 'மே'க்குப் பின் உயிரொலி வந்தால் அந்த 'எஸ்' உயிர்க்கும்: 'என் நண்பர்கள்', 'மேஸாமி'.

பன்மையில் பால் தெரியாது. கொப்பியில் ஒருமையாக எழுதுங்கள்: 'அன் ப்ரா' ஆண்பால், 'யுன் லார்ம்' பெண்பால். வரிமுடிவில் ஒன்றாக வரும் கேர் (இதயம்), பொனேர் (மகிழ்ச்சி) ஆண்பால்; தூலேர் (வலி), பேர் (பயம்) பெண்பால். ஓசையை நம்பினால் பிழைக்கும்.

போனில் முதலில் 'சா வா அலே' சொல்லுங்கள், 'எல்லாம் சரிவரும்'. முழங்கால் உரசிக்கொண்டு அழும் பிள்ளைக்கு அது போதும்.