வரிப் பாக்கிக்காக எச்எம்ஆர்சி (பிரிட்டன் வரித்துறை) கோர்ட்டுக்குப் போய்விட்டது. லண்டனில் கடையைத் தொடர்ந்து நடத்த முடியுமா?

நீங்கள் கேட்டது மூன்று. தம்பியின் லிமிடெட் கம்பெனி மேல் வைண்டிங் அப் பெட்டிஷன், அதாவது கம்பெனியைக் கலைக்கக் கோரும் மனு, வந்திருக்கிறது, கடையை உடனே மூட வேண்டுமா? பாக்கியைக் கட்டிவிட்டால் போதுமா? அதே கடையைப் புதுக் கம்பெனியில் நடத்தலாமா? இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு.

கடையை உடனே மூட வேண்டியதில்லை. ஆனால் மனு எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பதை இப்போதே எழுதி வையுங்கள். அந்த நாளிலிருந்து குறைந்தது 7 வேலை நாள் கழிந்த பிறகுதான் 'கெசட்'டில் (அரசிதழில்) மனு பற்றி விளம்பரம் போடலாம். திங்கட்கிழமை வந்திருந்தால் அடுத்த வாரம் புதன், வியாழன் வாக்கில் எதிர்பார்க்கலாம். விளம்பரத்துக்கும் விசாரணைக்கும் இடையிலும் 7 வேலை நாள் இருக்க வேண்டும். கம்பெனியைக் காப்பாற்ற முடியுமானால் அது பெரும்பாலும் விளம்பரத்துக்கு முந்தைய இந்தச் சில நாட்களில்தான். அந்த நாட்களைத்தான் பலர் கடிதத்தைப் பிரிக்காமலே கழித்துவிடுகிறார்கள்.

காரணம் இதுதான். வங்கிகள் கெசட்டைத் தினமும் பார்க்கின்றன. பெயர் வந்ததும் கணக்கு முடங்கும். கார்டு மெஷினில் வரும் விற்பனைக் காசு அந்தக் கணக்கில் போய் விழும், ஆனால் எடுக்க முடியாது. சப்ளையரின் டைரக்ட் டெபிட் திரும்பும், சரக்கு நிற்கும். வங்கி வீம்புக்குச் செய்வதில்லை. 1986 இன்சால்வன்சி சட்டத்தின் 127ஆம் பிரிவு அப்படி. கலைப்பு உத்தரவு வந்துவிட்டால், அது மனு தாக்கலான நாளிலிருந்தே தொடங்கியதாகக் கணக்கு. அந்த நாளுக்குப் பிறகு கம்பெனிக் காசிலிருந்து போனது எதுவும், கோர்ட் ஏற்காவிட்டால், செல்லாது. சம்பளமும் சரக்குப் பணமும்கூட இதில் அடங்கும். கடை ஓட வேண்டுமானால், இந்தச் செலவுகளைச் செல்லுபடியாக்கும் 'வாலிடேஷன் ஆர்டர்' ஒன்றைக் கோர்ட்டில் கேட்க வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட், கணக்குகள், வரும் வாரங்களின் வரவு செலவு மதிப்பீடு எல்லாம் வைத்து, கடை ஓடுவது கடன் கொடுத்தவர்களுக்கு நல்லது என்று காட்ட வேண்டும். டைரக்டருக்கு நல்லது என்றால் போதாது.

இனி, கட்டிவிட்டால் போதுமா? முழுப் பாக்கியும் மனுச் செலவும் கட்டினால் எச்எம்ஆர்சி பொதுவாக மனுவை மேலே கொண்டுபோகாது. கம்பெனிக் கணக்கிலிருந்து கட்டாதீர்கள், 127ஆம் பிரிவு அந்தக் காசுக்கும் பொருந்தும். தம்பியின் சொந்தக் காசோ உறவினர் கொடுத்த காசோ வெளியிலிருந்து நேராகப் போகட்டும், எழுத்தில் உறுதி வாங்குங்கள். விளம்பரம் வந்த பிறகு கட்டினால் இன்னொரு ஆபத்து: கடைக் கட்டடத்தின் சொந்தக்காரரோ, சரக்கு தரும் கேஷ் அண்ட் கேரி மொத்தக் கடையோ "எனக்கும் பாக்கி" என்று அதே மனுவில் எச்எம்ஆர்சியின் இடத்தில் வந்து நிற்கலாம். வரி கட்டி முடித்த கம்பெனி அப்படியும் கலைந்துபோகும்.

தொகையையும் சரிபாருங்கள். வாட் ரிட்டர்ன் போடாத காலாண்டுகளுக்கு எச்எம்ஆர்சி தானே ஒரு மதிப்பீட்டுத் தொகை போடும். மளிகைக் கடையில் அரிசி, பருப்பு, காய்கறிக்கு வாட் பூஜ்யம், கோலாவுக்கும் மதுவுக்கும் 20 சதவீதம். ஆகவே உண்மைக் கணக்கு அந்த மதிப்பீட்டிலிருந்து வெகுவாக விலகலாம். விட்டுப்போன ரிட்டர்ன்களை இப்போதே போட்டால் மதிப்பீடு விலகி உண்மைத் தொகை வரும். எதிர்ப்பு இருந்தால் சாட்சி அறிக்கையை விசாரணைக்கு 5 வேலை நாள் முன்பே கோர்ட்டில் கொடுக்க வேண்டும். அன்று காலையில் போய் "அக்கவுன்டன்ட் ஏமாற்றிவிட்டார்" என்று சொல்வது பயன்படாது.

இந்தப் பாக்கி எப்படிச் சேர்கிறது என்பதும் தெரிய வேண்டும். 1.50 பவுண்டுக்கு விற்ற கோலாவில் 25 பென்ஸ் வாட். அது கடைக்காரரின் காசே அல்ல. கல்லாவில் எல்லாம் ஒன்றாகக் கிடப்பதால் அதை எடுத்து வாடகை கட்டுகிறோம். கூடவே, 2025 ஏப்ரலில் இருந்து வாட் தாமத அபராதம் 15ஆம் நாளைத் தாண்டினால் 3 சதவீதம், 30ஆம் நாளில் இன்னும் 3, அதற்குப் பிறகு ஆண்டுக்கு 10 சதவீத வீதம். வட்டி தனி.

கலைப்பு உத்தரவு வந்துவிட்டால் அஃபிஷியல் ரிசீவர் என்ற அரசு அதிகாரி பொறுப்பேற்பார். கேள்விப் படிவமும் நேர்காணலும் உண்டு, கணக்குப் புத்தகங்களை ஒப்படைக்க வேண்டும். அவர் முதலில் தேடும் இடங்களில் ஒன்று டைரக்டர் லோன் கணக்கு, அதாவது டைரக்டருக்கும் கம்பெனிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். தம்பி மாதம் 3,000 பவுண்ட் எடுத்தார், அதில் 1,000 சம்பளம், மீதி 2,000 'டிவிடெண்ட்' என்று வைத்துக்கொள்வோம். லாபமே இல்லாத கம்பெனியில் டிவிடெண்ட் செல்லாது. இரண்டு வருடத்தில் 48,000 பவுண்ட், அதைத் தம்பி சொந்தமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை வரும். 'லிமிடெட்' என்ற பாதுகாப்பு அதிகம் உடைவது இங்கேதான். வங்கிக்கோ வாடகைக்கோ தனிப்பட்ட கேரண்டி கொடுத்திருந்தால் அதுவும் அப்படியே நிற்கும்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் கைமாற்று. கம்பெனி நொடித்திருந்த நேரத்தில், மனுவுக்கு முந்தைய 2 வருடத்துக்குள் மாமாவுக்கோ அண்ணனுக்கோ மனைவியின் தம்பிக்கோ கடனைத் திருப்பிக் கொடுத்திருந்தால், அவர்களிடமே அதைத் திருப்பிக் கேட்கலாம். உறவு என்பதால், மற்றக் கடன் கொடுத்தவர்களுக்கு முன்னால் அவர்களை முந்தவைக்கும் நோக்கம் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். சப்ளையருக்கும் சொந்தத்துக்கும் கொடுத்துவிட்டு வரியை மட்டும் நிறுத்திவைத்தது தெரிந்தால், டைரக்டர் தகுதி நீக்கத்துக்கே அது காரணமாகலாம். அந்தத் தடை 2 முதல் 15 வருடம்.

புதுக் கம்பெனி தொடங்கலாம், அதற்குப் பொதுத் தடை இல்லை. பெயரில்தான் சிக்கல். கலைப்புக்கு முந்தைய 12 மாதத்தில் டைரக்டராக இருந்தவர், அதே பெயரையோ ஒத்த பெயரையோ 5 வருடம் பயன்படுத்தக் கூடாது. பதிவுப் பெயர் மட்டுமல்ல, போர்டில் எழுதியிருக்கும் கடைப் பெயரும் இதில் சேரும். மீறினால் குற்றம், புதுக் கம்பெனியின் கடனுக்கும் சொந்தப் பொறுப்பு. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் காலக்கெடு குறுகியது, வக்கீல் இல்லாமல் முயலாதீர்கள். சரக்கையும் ஃப்ரிட்ஜையும் இரவோடிரவாகப் புதுக் கம்பெனிக்கு மாற்றுவதை நினைக்கவே வேண்டாம். கம்பெனிகளைப் பதிவுசெய்யும் கம்பெனிஸ் ஹவுஸில் பெயரை நீக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், மனு நிலுவையில் இருக்கும்போது அந்த விண்ணப்பமே போட முடியாது.

விளம்பரம் வந்ததும் "கடன் தீர்க்கிறோம்" என்று போன்கள் குவியும். பேசுபவர் லைசென்ஸ் உள்ள இன்சால்வன்சி பிராக்டிஷனரா (நொடித்த கம்பெனி விவகாரங்களைக் கையாளும் நிபுணரா) என்று அரசு இணையப் பட்டியலில் பார்த்த பிறகே பேசுங்கள்.

மது விற்கும் கடை என்றால் பிரிமிசஸ் லைசென்ஸ் யார் பெயரில் என்று இன்றே பாருங்கள். கம்பெனி பெயரில் இருந்தால், கம்பெனி லிக்விடேஷனுக்கு (கலைப்புக்கு) போனதும் லைசென்ஸ் காலாவதியாகும். 28 நாளுக்குள் மாற்று விண்ணப்பமோ இடைக்கால அறிவிப்போ கவுன்சிலில் கொடுத்தால் மீட்கலாம். விட்டால் புதிதாகத்தான் எடுக்க வேண்டும், கடையை வாங்க வருபவரும் விலையைக் குறைப்பார்.

வேலையாட்களுக்குச் சம்பளப் பாக்கி இருந்தால் அவர்கள் கைவிடப்பட மாட்டார்கள். ரிடன்டன்சி பேமென்ட்ஸ் சர்வீஸ் என்ற அரசுச் சேவையில் 8 வாரம் வரை பாக்கியும், 2 வருடம் வேலை செய்திருந்தால் ரிடன்டன்சியும் (வேலை இழப்பீடும்) வார உச்சவரம்புக்கு உட்பட்டுக் கேட்கலாம். அதற்கு அஃபிஷியல் ரிசீவர் தரும் கேஸ் எண் வேண்டும், தம்பி அதை வாங்கி அவர்களிடம் கொடுக்கட்டும்.