கீழே தயிர் புளிக்கிறது, மேலே பனி ஏறுகிறது: கேஸ் அடிக்க அவசரப்படாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டு டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜுக்கு ஏழு வயது. ஒரு மாதமாகக் கீழ்ப்பகுதியில் கூலிங் இல்லை. பால் திரிகிறது, தயிர் புளித்துவிடுகிறது. பிரீசரில் மட்டும் ஐஸ் கட்டுகிறது. அதன் பின்சுவரிலும் வெள்ளையாகப் பனி. நடுவில் ஊருக்குப் போனபோது இரண்டு நாள் அணைத்து வைத்திருந்தோம். வந்து போட்டதும் ஒரு வாரம் அருமையாக ஓடியது. பிறகு பழைய கதைதான். மெக்கானிக் "கேஸ் போயிடுச்சு, 4,000 ஆகும், இல்லேன்னா எக்ஸ்சேஞ்ச்ல தள்ளிடுங்க" என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டுமே வேண்டாம். அணைத்து வைத்த பிறகு ஒரு வாரம் அருமையாக ஓடியது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. போன கேஸ் நீங்கள் ஊரிலிருந்து திரும்புவதற்குள் தானாக உள்ளே வந்துவிடாது. அந்த இரண்டு நாளில் நடந்தது ஒன்றுதான்: உள்ளே அடைத்திருந்த ஐஸ் உருகிவிட்டது.

பிரீசரின் பின்சுவர் என்று நீங்கள் பார்ப்பது ஒரு மூடி. அதற்குப் பின்னால் கூலிங் காயிலும் ஒரு சின்ன ஃபேனும் இருக்கின்றன. குளிர்ந்த காற்றை மேலும் கீழும் அனுப்புவது அந்த ஃபேன். கதவைத் திறக்கும்போதெல்லாம் நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே போய்க் காயிலில் பனியாகப் படியும். அதை அவ்வப்போது உருக்குவதற்காகவே அடியில் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். கம்ப்ரஸர் சில மணி நேரம் ஓடியதும் டைமர் அதை நிறுத்தி, இருபது முப்பது நிமிடம் ஹீட்டரை ஓடவிடும். உருகிய தண்ணீர் குழாய் வழியாகப் பின்புறம் கம்ப்ரஸருக்கு மேலே இருக்கும் தட்டில் விழுந்து ஆவியாகிவிடும். உங்கள் பிரிட்ஜில் இந்த வேலை நின்றுபோயிருக்கிறது. பனி ஏறிக் காயில் மூடிக்கொண்டதால் காற்று கீழே இறங்கவில்லை. பிரீசர் காயிலை ஒட்டியே இருப்பதால் அங்கே மட்டும் குளிர் தாக்குப்பிடிக்கிறது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சாமான்களை வெளியே எடுத்து, இரண்டு கதவையும் திறந்து, எதிரே ஒரு ஃபேனை ஓடவிட்டு, கீழே பழைய துணி விரித்து ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதையும் ஐஸில் குத்த வேண்டாம். காயிலில் ஓட்டை விழுந்தால் மெக்கானிக் சொன்ன பொய் மெய்யாகிவிடும்.

இது தற்காலிகம்தான். ஒரு வாரத்தில் பனி திரும்ப ஏறும். கெட்டிருப்பது ஹீட்டர், பைமெட்டல் (குளிரைப் பொறுத்து ஹீட்டருக்கு இணைப்புக் கொடுக்கும் சுவிட்ச்), ஃபியூஸ், டைமர் இவற்றில் ஒன்று. இன்வெர்ட்டர் மாடல் என்றால் டைமருக்குப் பதில் சென்சாரும் எலக்ட்ரானிக் போர்டும். பெரும்பாலான மாடல்களில் ஹீட்டரும் பைமெட்டலும் சில நூறு ரூபாய்ப் பொருள். "போர்டு போச்சு" என்று யாராவது ஆரம்பித்தால், முதலில் ஹீட்டரையும் சென்சாரையும் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பைமெட்டல் விஷயத்தில் ஒரு தந்திரம் நடக்கிறது. காயிலில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும் வட்டமான சின்னப் பொருள் அது. நன்றாகக் குளிர்ந்தால்தான் இணைப்புக் கொடுக்கும். அறை வெப்பத்தில் துண்டித்துக்கொள்ளும். அதுதான் அதன் வேலை. சிலர் அதைக் கழற்றி, கையில் வைத்தே மீட்டரைத் தொட்டு, "பாருங்க, முள்ளு அசையலை, போச்சு" என்பார்கள். நல்ல பைமெட்டலும் அப்போது அசையாது. ஐஸில் கொஞ்ச நேரம் புதைத்து வைத்துவிட்டு அப்புறம் தொட வேண்டும்.

இதைவிட மோசம் ஃபியூஸை வெட்டிவிட்டு ஒயரை நேரடியாக முறுக்கி டேப் சுற்றுவது. வாங்கி வரச் சோம்பல், வேறென்ன. ஹீட்டர் அணையாமல் ஓடினால் காக்கும் கடைசிப் பாதுகாப்பு அந்த ஃபியூஸ். அது இல்லாவிட்டால் உள்ளே பிளாஸ்டிக் உருகும், தீயும் பிடிக்கலாம். "டைரக்ட் பண்ணிட்டேன் மேடம்" என்ற வார்த்தை காதில் விழுந்தால் காசு கொடுக்காதீர்கள். அதே ரேட்டிங் ஃபியூஸ் போட்ட பிறகு கொடுங்கள்.

நிஜமாகவே கேஸ் கசிவதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கப் பிரீசரின் பின்மூடியைக் கழற்றிக் காயிலைப் பார்த்தால் போதும். காயில் முழுவதும் வெள்ளைப் போர்வை போர்த்தியதுபோல் பனி மூடியிருந்தால் அது உருகாத கோளாறு. ஒரு மூலையில், முதல் ஓரிரண்டு வரிகளில் மட்டும் பனி, மிச்சமெல்லாம் வெறுமையாக இருந்தால் கேஸ் குறைவைச் சந்தேகிக்கலாம். கேஸ் குறைந்த பிரிட்ஜில் பிரீசரும் சேர்ந்தே தளரும், ஐஸ்கிரீம் இளகும், கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். உங்கள் பிரீசரில் ஐஸ் கட்டுகிறது. எனவே மூடியைத் திறக்காமலே "கேஸ் போயிடுச்சு" என்றவரை நம்ப எனக்கு மனம் வரவில்லை. கேஸ் எரிந்து தீரும் பொருளும் இல்லை. குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல், குழாயில் இருக்கும் ஃபில்டரை மாற்றாமல், வேக்யூம் போடாமல் (உள்ளே புகுந்த காற்றை உறிஞ்சி எடுக்காமல்) கேஸ் மட்டும் அடித்தால், சீக்கிரமே அவரையே திரும்பக் கூப்பிடுவீர்கள். பின்புற ஸ்டிக்கரில் ஆர்-600ஏ என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும் வாயு. பிரிட்ஜுக்குள் ஐம்பது அறுபது கிராம் அளவில்தான் இருக்கும் என்றாலும், சமையலறைக்குள் வைத்துக் குழாயைப் பற்றவைக்க யாரையும் விடாதீர்கள்.

இணையத்தில் "கஸ்டமர் கேர்" என்று தேடி முதலில் வரும் எண்ணைக் கூப்பிடாதீர்கள். கம்பெனி பெயரில் போலி சர்வீஸ் சென்டர்கள் ஏராளம். வாரண்டி கார்டில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். ஆனால் அங்கேயும் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி என்று கடையில் கொட்டை எழுத்தில் எழுதுகிறார்கள். அந்த வாரண்டி கம்ப்ரஸருக்கு மட்டும்தான். ஹீட்டர் கேட்டால் கையை விரிப்பார்கள். 2022 டிசம்பரில் மத்திய அரசு ரைட் டு ரிப்பேர் போர்ட்டல் திறந்தது; பழுதுபார்ப்பு, உதிரிபாகத் தகவல்களைத் தரும் இணையதளம் அது. நல்ல காரியம்தான். ஆனால் ஏழு வருட மாடலுக்கு ஹீட்டர் தேடி ஸ்பேர் கடை கடையாக ஏறி இறங்குகிறவருக்கு அதனால் என்ன ஆயிற்று என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில் கையில் இருக்க வேண்டும். பில்லும் கழற்றிய பழைய பார்ட்டும் கேட்டு வாங்குங்கள்.

எக்ஸ்சேஞ்சுக்கும் அவசரம் இல்லை. "கேஸ் போன பிரிட்ஜ்" என்று உங்களிடம் அடிமாட்டு விலைக்கு எடுத்து, ஒரு ஹீட்டர் மாற்றி, பழைய சாமான் கடையில் நல்ல விலைக்கு நிறுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள்.