வாசகர் கேள்வி – பதில்: 2040இல் நம் ஊர் முதியவர்களை யார் பார்ப்பது?

கேள்வி: எங்கள் முதியோர் சங்கத்திடம் 15 வருடத் திட்டம் கேட்கிறார்கள். ‘எதிர்நோக்குத் திட்டமிடல்’ முறையில் எழுதட்டாம். இது சாத்திரம் பார்ப்பது மாதிரியா? – வாசகர், வெல்லாவெளி

பதில்: சாத்திரக்காரர் ஒரு பலன் சொல்வார். இதில் நான்கு பலன் எழுதி, நான்குக்கும் தாக்குப்பிடிக்கிற திட்டத்தைத் தேடுகிறோம்.

முதலில் தலைக்கணக்கு. 2040இல் 60ஐத் தொட்டிருப்பவர்கள் எல்லோரும் 1980க்குள் பிறந்தவர்கள். பெரும்பாலும் இன்று ஊரில் நடமாடுகிறவர்கள்தான். கிராம உத்தியோகத்தரிடமுள்ள குடும்ப விபரத்தை ஐந்தைந்து வயதாக, ஆண் பெண் பிரித்து எழுதுங்கள். வாக்காளர் இடாப்பை நம்ப வேண்டாம், கட்டாரில் இருப்பவரின் பெயரும் அதில் கிடக்கும். தனியே வாழும், 75 தாண்டிய பெண்களுக்குத் தனி நிரல் போடுங்கள். மொத்தத்தோடு சேர்த்தால் அவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

ஊகம் தேவைப்படுவது இரண்டில்: பிள்ளைகள் கிட்ட இருப்பார்களா, கையில் மாதக் காசு வருமா. நம் மட்டக்களப்புப் பக்கத்தில் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவிலேயே இருந்துகொள்வார்கள். மகள் குடும்பத்தோடு வெளிநாடு போனால் வீடு பூட்டு, பராமரிப்பும் அதோடு சரி. இந்த இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டால் நான்கு கட்டங்கள் வரும்: பிள்ளைகள் கிட்ட அல்லது தூரம், ஒவ்வொன்றிலும் காசு உண்டு அல்லது இல்லை.

ஒவ்வொரு கட்டத்திலும் 2040 மார்கழி வெள்ளத்தில் ஒரு நாளை எழுதுங்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் 78 வயது நீரிழிவுக்காரி. தாம்போதிக்கு (தாழ்வான பாலத்துக்கு) மேலால் தண்ணீர் பாய்கிறது, கரண்ட் இல்லை, இன்சுலின் நாளைக்கு மட்டும். மருந்தை யார் கொண்டுவருவது? எந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது? பதில் வராத இடத்தில்தான் திட்டம் தொடங்குகிறது.

கூட்டத்துக்கு 12 பேர் போதும். ஓய்வுபெற்ற அதிபர்களை மட்டும் கூப்பிட்டால் பேச்சு பென்சனிலேயே சுற்றும். குடும்பநல உத்தியோகத்தர், ஓட்டோக்காரர், தோணிக்காரர், பென்சனே இல்லாத கூலிக்காரப் பெண் எல்லோரும் இருக்க வேண்டும்.

கேள்வி: முதியோர் இல்லம் கட்டினால் பிரச்சினை தீராதா? – வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அதையும் நான்கு கட்டத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் தூரம், ஆனால் காசு வருகிறது என்ற கட்டத்தில்தான் அது நன்றாக ஓடும். காசில்லாத கட்டத்தில் பராமரிப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் கட்டடம் மட்டும் மிஞ்சும். ஊருக்கு வரும் மாதக் கிளினிக்கும், மழைக்கு முன் ஐப்பசியிலேயே இரண்டு மாதக் குளிசை கொடுப்பதும் நான்கிலும் உதவும். (இன்சுலினை அப்படிக் கொடுக்க முடியாது, குளிர் வேண்டும்.) கல் நாட்டு விழா எடுக்க முடியாது என்பதுதான் இவற்றில் உள்ள குறை.

கேள்வி: எங்கள் திட்டம் அலுமாரியில் தூங்குகிறது. என்ன பிழை? – வாசகர், செங்கலடி

பதில்: எப்போது எதைத் தொடங்குவது என்று எழுதாததுதான். வருடா வருடம் தை மாதத்தில் மூன்றை எண்ணுங்கள்: முதியவர் மட்டும் உள்ள வீடுகள், முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகள் (இளம் குடும்பங்கள் ஊரில் இருக்கின்றனவா என்று தெரிய), கிளினிக்கைத் தவறவிட்டவர்கள். ‘முதியவர் மட்டும் உள்ள வீடுகள் 40ஐத் தாண்டினால் வீடு வீடாகப் போகும் பராமரிப்பாளர் ஒருவர்’ என்று எண்ணோடு, பொறுப்பாளரின் பதவியோடு எழுதுங்கள். 40 ஒரு உதாரணம், உங்கள் ஊர்க்கணக்கைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 2012 குடிசன மதிப்பீட்டில் 7.9 வீதம், 2024இல் 12.6 வீதம். இந்த வேகத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது நான்கு கட்டங்களையும் புதிதாகப் போட வேண்டும்.