தாழ்ப்பாள் இல்லாத இடத்தில் பால் இறங்காது

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் வேலை பார்க்கிறேன். மொத்தம் 14 பேர், பெண்கள் மூவர். மகப்பேறு விடுப்பு முடிந்து சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. மகனுக்கு ஏழரை மாதம். மதியம் கழிப்பறையில் நின்றபடியே பம்பு வைத்துப் பால் எடுக்கிறேன். 30 மில்லி வந்தாலே அதிகம். யாராவது கதவைத் தட்டினால் அதுவும் நின்றுவிடுகிறது. சாயங்காலத்துக்குள் மார்பு கல்லாகிவிடுகிறது. இடது பக்கம் ஒரு கட்டியும் தெரிகிறது. மேலாளர் ஆண். அவரிடம் இதை எப்படிக் கேட்பது? பேசாமல் பவுடர் பாலுக்கு மாறிவிடட்டுமா?

பதில்: உங்களுக்குப் பால் வற்றவில்லை அம்மா. வற்றியிருந்தால் சாயங்காலம் மார்பு கல்லாகாது. பால் ஊறுகிறது, இறங்கத்தான் மாட்டேன் என்கிறது. ஊறுவது வேறு, இறங்குவது வேறு. பாலை ஊறவைப்பது புரோலாக்டின் என்னும் ஹார்மோன். ஊறிய பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின். பிள்ளையின் அழுகையைக் கேட்டாலே சில தாய்மார்களுக்கு ரவிக்கை நனைந்துவிடும் அல்லவா, அது ஆக்சிடோசின் செய்யும் வேலை. பயம், கூச்சம், பதற்றம் வந்தால் அது தடைபடும். கதவு தட்டப்பட்டதும் உங்களுக்குப் பால் நிற்பது இதனால்தான்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இசிஜி அறைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பால் பீய்ச்சுவேன். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டாலே பால் நின்றுவிடும். ஒருநாள் வார்டு ஆயாம்மா இதைப் பார்த்துவிட்டு, கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். “நீ எடும்மா, யாரும் வரமாட்டாங்க” என்றார். பத்தே நிமிடத்தில் பாட்டில் பாதிக்கு மேல் நிறைந்தது. அதே மார்பு, அதே திரை. படித்த மருத்துவச்சியான எனக்கே அன்றுதான் இது உறைத்தது.

அதனால் தனியிடம் கேட்பதைச் சலுகை கேட்பதாக நினைக்காதீர்கள். பால் தேங்கத் தேங்க உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இப்படியே இன்னும் சில வாரம் போனால் உண்மையாகவே பால் குறைந்துவிடும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் உங்கள் கிளைக்கு மகப்பேறு நல விதிகள் பொருந்தும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்டத் தினமும் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது. குழந்தைக் காப்பகம் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்குத்தான், உங்களுக்கு வராது. தனி அறை என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். 2015 முதல் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில்கூடப் பாலூட்டும் அறை இருக்கிறது. உங்கள் கிளையில் ஒரு மூலை கிடைக்காதா என்ன?

மேலாளரிடம் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். “சார், குழந்தைக்குப் பால் எடுத்து வைக்க வேண்டும். காலை 11.30க்கும் மதியம் 3.30க்கும் இருபது இருபது நிமிடம், உள்ளே தாழிடும் ஒரு அறை வேண்டும்.” இவ்வளவு போதும். அதையே எழுதி, தலைமை அலுவலக மனிதவளப் பிரிவுக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் முதலில் மின்னஞ்சல், பிறகு பேச்சு. மற்ற இரண்டு பெண்களில் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்.

ஆவண அறை, சாப்பாட்டு அறை, மேலாளரின் கேபின் எதுவானாலும் சரி. நாற்காலி, பிளக் பாயிண்ட், தாழ்ப்பாள் இருக்க வேண்டும். நகைக் கடன் கொடுக்கும் இடங்களில் மூலைக்கு மூலை கேமரா இருக்கும். அறைக்குள் கேமரா இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே உட்காருங்கள். கழிப்பறை மட்டும் வேண்டவே வேண்டாம். நாம் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவோமா? குழந்தையின் சாப்பாட்டை மட்டும் ஏன் அங்கே தயாரிக்க வேண்டும்?

பம்பு வைப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மார்பை மெல்ல நீவிவிடுங்கள். போனில் பிள்ளையின் வீடியோ பாருங்கள். பம்பில் வருவது குறைந்ததும் கையால் பீய்ச்சிப் பாருங்கள்: கருவட்டத்தின் ஓரத்தில் மேலே கட்டைவிரல், கீழே மற்ற விரல்கள், நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பை இழுக்கக் கூடாது. முதல் சில நாள் 30 மில்லியே வந்தாலும் அளவைப் பார்த்துக் கலங்காதீர்கள். காலையில் கிளம்பும் முன்னும், வீடு திரும்பியதும், இரவிலும் நேரடியாகக் கொடுங்கள்.

எடுத்த பால் 25 டிகிரிக்குள் உள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். உங்கள் ஊர் வெயிலில் அதை நம்ப முடியாது. எடுத்த உடனே மூடி போட்ட சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, ஐஸ் பேக் வைத்த பையில் வைத்துவிடுங்கள். வீட்டில் ஃபிரிட்ஜின் உள்பக்கம் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும்; கதவில் வைக்காதீர்கள். பார்த்துக்கொள்பவர் யாராக இருந்தாலும் பாலை அடுப்பில் காய்ச்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். வெந்நீர்க் கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்து வெதுவெதுப்பாக்கி, பாலாடையில் கொடுத்தால் போதும். மேலே ஏடுபோலப் பிரிந்து நிற்பது கொழுப்பு. கெட்டுப்போனதல்ல, லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

பவுடர் பால் கொடுப்பது குற்றமல்ல. எவ்வளவு முயன்றும் முடியாத தாய்மார்களுக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் ஒரு தாழ்ப்பாள் இல்லை என்பதற்காக நீங்கள் மாற வேண்டாம். முதலில் அறையைக் கேளுங்கள்.

இடது பக்கக் கட்டிக்கு, அந்தப் பக்கம் குழந்தைக்குக் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். அழுத்தித் தேய்க்காமல், பால் கொடுத்த பிறகு துணியில் சுற்றிய ஐஸை வைத்து ஒத்தடம் கொடுங்கள். ஒரு நாளில் கரையாவிட்டாலோ, தோல் சிவந்து குளிர் காய்ச்சல் வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் பக்கத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.