டீச்சர் பதில்கள்: விட்டுக்கொடு என்று யாரிடம் சொல்வது?

(ஏற்காட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: டீச்சர், உக்ரைனுக்கு ஆயுதம் கொடுப்பது சரிதான் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். ஆயுதம் போனால் சண்டை நீளும், சாவு கூடும். எங்கள் ஊரில் வரப்புத் தகராறு வந்தால் பஞ்சாயத்தில் உட்காரவைத்துப் பேசித் தீர்க்கிறோம். நாடுகளுக்கு மட்டும் வேறு நியாயமா?
– ஒரு வாசகர், வாழப்பாடி

பதில்: உங்கள் ஊர் நியாயமே எனக்குப் போதும். அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டியவரைப் பார்த்து 'முதலில் மாட்டை ஓட்டிக்கொண்டு வெளியே வா' என்றுதானே பஞ்சாயத்தில் சொல்வீர்கள்? கல் எங்கே நட்டிருந்தது என்ற பேச்சு அப்புறம்தான். ரஷ்யப் படை நுழைந்த மறுநாளே, 2022 பிப்ரவரி 25 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவையில் அப்படி ஒரு தீர்மானம் வந்தது. ரஷ்யா தனக்குள்ள வீட்டோ என்ற தடுப்பு வாக்கைப் போட்டு அதை விழவைத்தது. ஏர் ஓட்டியவரே நாட்டாமையாகவும் உட்கார்ந்திருந்தால் தீர்ப்பு எங்கிருந்து வரும்?

உக்ரைன் பேச மறுத்த நாடும் அல்ல. தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களைக் கைவிடுவதற்கு ஈடாக, 1994-ல் புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் 'உன் எல்லையை மதிப்போம்' என்று எழுதிக் கொடுத்தன. 2014-ல் உக்ரைனின் கிரிமியா ரஷ்யாவிடம் பறிபோனது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் மின்ஸ்க் நகரில் இரண்டு சண்டைநிறுத்த ஒப்பந்தங்கள். அவற்றை இரு தரப்புமே ஒழுங்காக நிறைவேற்றவில்லை, அதை மறைக்க வேண்டாம். ஆனால் முதலில் எல்லை தாண்டிப் படையோடு வந்தது ரஷ்யாதான். குண்டு விழுந்துகொண்டிருந்த 2022 மார்ச்சிலும் இஸ்தான்புல்லில் பேசினார்கள். இத்தனை தடவை பேசியவர்களிடம் போய் 'பேசிப் பாரேன்' என்று நாம் சொன்னால், 'கையெழுத்தை யார் காப்பாற்றுவது?' என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

கேள்வி: ராஜாஜி நகராட்சித் தலைவராக இருந்த ஊர் நம் சேலம். காந்தியின் சம்பந்தி வேறு. அவர் இருந்திருந்தால் சமாதானம்தானே பேசியிருப்பார்?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: போனவர் வாயில் என் வார்த்தையைத் திணிக்க மாட்டேன். அவர் செய்ததைச் சொல்கிறேன். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னையில் பாதி ஊர் பெட்டியைக் கட்டிக்கொண்டு உள்ளூர்ப் பக்கம் ஓடியது. அப்போது ராஜாஜி, படையெடுத்து வருபவனை எதிர்த்தே ஆக வேண்டும், அதற்காக முஸ்லிம் லீக்கோடு உடன்பாடு கண்டு தேசிய அரசு அமைக்க வேண்டும் என்றார். காங்கிரஸ் கேட்கவில்லை. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்திலும் அவர் சேரவில்லை. ஜூலையில் கட்சியை விட்டே விலகினார். இதே மனிதர் 1962-ல், 83 வயதில், அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி வாஷிங்டன் வரை போய் கென்னடியைப் பார்த்தார். ஒரே ஆள்தான். வருகிறவனைத் தடு என்பதும் வல்லரசிடம் போய்ப் பேசு என்பதும் அவருக்கு முரணாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. (குலக்கல்வி விஷயத்தில் அவரோடு எனக்குள்ள சண்டை தனி. அதைக் கிளறாதீர்கள், இதழ் தாங்காது.)

கேள்வி: எங்கோ நடக்கும் சண்டை. நமக்கென்ன டீச்சர்?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: 2022-ல் சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் விலையைக் கேட்டுவிட்டு மளிகைக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்தானே நீங்களும்? நாம் வாங்கிய சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்துகொண்டிருந்தது. போரால் முடங்கிய உக்ரைன் துறைமுகங்களிலிருந்து கப்பல்களை விட, அந்த ஜூலையில் துருக்கியும் ஐ.நா.வும் நடுவில் நின்று கருங்கடல் தானிய ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தன. ஓராண்டில் சுமார் 3.3 கோடி டன் தானியமும் உணவுப்பொருளும் வெளியே போயின. பேச்சுவார்த்தை பலிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2023 ஜூலையில் ரஷ்யா விலகிக்கொண்டது. அதன் பிறகும் கப்பல்கள் ஓடியதற்குக் காரணம், ரஷ்யக் கடற்படையை உக்ரைன் அடித்துப் பின்னுக்குத் தள்ளியிருந்ததுதான்.

கேள்வி: ஏற்காட்டுக் குளிரில் காப்பி குடித்துக்கொண்டு 'போராடு' என்று எழுதுவது சுலபம். உங்கள் வீட்டுப் பையனா களத்துக்குப் போகிறான்?
– ஒரு கல்லூரி மாணவி, ஓமலூர்

பதில்: வந்த கடிதங்களில் உன்னுடையதுதான் கனமானது, கண்ணு. என் வீட்டுப் பையன் போகவில்லை. போர் தொடங்கியதும் 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் உக்ரைனை விட்டு வெளியேறத் தடை வந்தது. 2024-ல் கட்டாயமாகப் படைக்கு எடுக்கும் வயதை 27-லிருந்து 25-க்கு இறக்கினார்கள். போக மனமில்லாமல் ஒளிந்து திரியும் பையன்கள் அங்கே உண்டு. அவர்களைக் கோழை என்று நான் சொல்லவே மாட்டேன். அதனால் 'கடைசி ஆள் வரை போராடு' என்பதும் என் வாயிலிருந்து வராது. போதும் என்று அவர்களே ஒருநாள் முடிவெடுத்தால் எவ்வளவு நிலத்தை விட்டாய் என்று கணக்குக் கேட்க எனக்கு உரிமை இல்லை.

ஆனால் 'துப்பாக்கியைக் கீழே போட்டால் சாவு நின்றுவிடும்' என்று நீ எழுதியிருக்கிறாயே, அதை ஏற்க மாட்டேன். உக்ரைன் தலைநகர் கீவுக்குப் பக்கத்தில் உள்ள புச்சா என்ற ஊரிலிருந்து ரஷ்யப் படை 2022 மார்ச் கடைசியில் கிளம்பிப் போன பிறகு நூற்றுக்கணக்கான பொதுமக்களின் உடல்கள் கிடந்தன. அவர்களில் பலர் செத்தது சண்டையில் அல்ல, அந்தப் படையின் பிடியில் இருந்தபோது. பிடித்த பகுதிகளிலிருந்து குழந்தைகளைக் கொண்டுபோனதற்காக 2023 மார்ச்சில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் புடின் மீதே பிடியாணை போட்டது. 'ஆக்கிரமிப்பின்கீழ் வாழ்ந்துகொள்' என்று சொல்வதற்கும் வேறு யாரோதான் விலை கொடுக்கிறார்கள்.

கேள்வி: கொரியா மாதிரி கோடு போட்டு நிறுத்திவிடலாமே? இந்தியா நடுவராகலாமே?
– ஒரு வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: நிறுத்தலாம். கொரியாவில் 1951 ஜூலையில் தொடங்கிய பேச்சு 1953 ஜூலையில்தான் முடிந்தது. இரண்டு வருடமும் துப்பாக்கி ஓயவில்லை. கைதிகளை என்ன செய்வது என்பதிலேயே பெரிய இழுபறி. கடைசியில் ஊர் திரும்ப மறுத்த கைதிகள் பொறுப்பை நம் ஜெனரல் திம்மய்யா தலைமையிலான குழுவிடம் கொடுத்தார்கள். தென் கொரியா பிழைத்தது, கோட்டுக்குப் பின்னால் படையும் பாதுகாப்பு ஒப்பந்தமும் இருந்ததால்.

எனக்குப் பயம் வேறு. கோத்தகிரிப் பக்கம் நான் வேலை பார்த்தபோது என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர் குடும்பங்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, அந்த மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 'பிறகு பார்ப்போம்' என்று வைத்தார்கள். அந்த மேசையில் ஒரு மலையகத் தமிழர்கூட இல்லை. துப்பாக்கியே வெடிக்காத சமரசம்தான் அதுவும். கீவ்காரர்கள் இல்லாத மேசையில் வரையும் கோட்டை நான் நம்பாததற்கு அந்தப் பிள்ளைகளும் ஒரு காரணம்.

இந்தியா விஷயம்: பிரதமர் மோடி 2024-ல் ஜூலையில் மாஸ்கோவுக்கும் ஆகஸ்டில் கீவுக்கும் போய்வந்தார். ரஷ்யக் கச்சா எண்ணெயை மலிவாக வாங்கிக்கொண்டே முழு நடுவராவது கடினம். ஆனால் கைதிப் பரிமாற்றத்துக்கு அமீரகமும், குழந்தைகளை வீடு சேர்ப்பதற்குக் கத்தாரும் தூது போகின்றன. கொரியாவில் அந்த வேலையைச் செய்து பழக்கப்பட்ட நாடு நாம். அங்கே போய் நிற்பதற்கு எண்ணெய் வாங்குவதை நிறுத்தக்கூட வேண்டியதில்லை.