சுண்டுவிரல் பக்கத்துச் சமாசாரம்

கேள்வி: எல்லா செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான் என்கிறார்கள். அப்புறம் எப்படி ஒரு செல் கட்டைவிரலாகிறது, இன்னொன்று சுண்டுவிரலாகிறது?
- வாசகர், நாமக்கல்

பதில்: நாமக்கல்காரர் கேட்டதால் முட்டையிலிருந்தே தொடங்குகிறேன். பண்ணை முட்டை உதவாது. சேவல் சேராத முட்டை, எத்தனை நாள் அடைவைத்தாலும் கூமுட்டைதான். கல்லூரியில் விலங்கியல் நடத்திய நாட்களில், நாட்டுக்கோழி முட்டையை அடைவைத்த நான்காம் நாள் கிண்ணத்தில் உடைத்துக் காட்டுவேன். மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூல்வலை, நடுவில் துடிக்கும் இதயம். லென்ஸ் வைத்தால் உடம்போரத்தில் நாலு மொட்டுகள் தெரியும். முன்னிரண்டு இறக்கை, பின்னிரண்டு கால்.

1960களில் அமெரிக்காவின் ஜான் சாண்டர்ஸ் அந்த இறக்கை மொட்டில்தான் கை வைத்தார். பின்விளிம்பில், அதாவது நம் கையென்றால் சுண்டுவிரல் பக்கம், ஒரு துணுக்கை வெட்டி இன்னொரு மொட்டின் முன்விளிம்பில் ஒட்டினார். கோழி இறக்கைக்கு மூன்று விரல்தான். இதிலோ கண்ணாடி பிம்பம்போல் எதிரெதிராகக் கூடுதல் விரல்கள்! வேடிக்கை என்னவென்றால், ஒட்டிய துணுக்கு விரலாகவில்லை. அக்கம்பக்கத்துச் செல்களை விரலாக்கிவிட்டது.

துணுக்கிலிருந்து கசிந்தது ஒரு புரதம். அதற்கான மரபணு 1993இல் பிடிபட்டது. பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஆமாம், வீடியோ கேமில் ஓடும் அதே முள்ளெலிதான்! விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு.

இந்த மரபணு எல்லா செல்லிலும் இருக்கிறது. ஆனால் மொட்டில் பின்விளிம்புச் செல்களில் மட்டுமே விழித்திருக்கிறது. அடுக்களையில் மீன் வறுத்தால் கூடத்தில் மூக்கைத் துளைக்கும், வாசலில் லேசாக வரும் அல்லவா? அதுபோல, கிட்டே இருக்கும் செல்லுக்குப் புரதம் நிறைய, நெடுநேரம் கிடைக்கும், தள்ளியிருப்பதற்குக் கொஞ்சம். கிடைத்த அளவுக்கேற்ப உள்ளே வேறு வேறு மரபணுக்கள் விழிக்கும். கட்டைவிரல், இந்த வாசனை எட்டாமலே உருவாவது.

சரி, பின்விளிம்பில் மட்டும் ஏன் விழிக்கிறது? அதற்கென்று, நீண்ட எழுத்துச் சரம் போன்ற டிஎன்ஏவில் ஒரு சுவிட்ச் உண்டு. மனிதரில் மரபணுவிலிருந்து சுமார் பத்து லட்சம் எழுத்து தள்ளி. அதில் ஓரெழுத்து பிசகினாலே முன்விளிம்பிலும் மரபணு விழித்துக்கொள்ளலாம். கட்டைவிரல் பக்கம் ஆறாம் விரல் தலைமுறையாக வரும் சில குடும்பங்களில் காரணம் இதுதான். நாம் அதிர்ஷ்டம் என்போம்.

2016இல் எலியின் இந்தச் சுவிட்சை எடுத்துவிட்டுப் பாம்பின் சுவிட்சை வைத்துப் பார்த்தார்கள். பிறந்த குட்டிகளுக்குக் கால்கள் வெறும் முளைகளாக நின்றுபோயின.