நியூ ஜெர்சியில் கடற்கரைக்குள் போகவே காசாமே, உள்ளூரிலேயே இருந்து சர்ஃபிங் செய்பவர்களும் கட்ட வேண்டுமா? இது நியாயமா?

ஆமாம், கட்ட வேண்டும். நானும் கட்டுகிறேன், வருடா வருடம் மே மாதம், முணுமுணுத்துக்கொண்டே.

என்னைப் பற்றி இரண்டு வரி. தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவன். அங்கே கடல் பெரும்பாலும் குளம் மாதிரி; ஒரு பக்கம் தீவுகள், ஒரு பக்கம் இலங்கை என்று மறைப்பு. அதனால் கடலைப் பார்த்தே வளர்ந்தும் அலை ஏறக் கற்றுக்கொண்டது முப்பத்தொன்றாம் வயதில், அட்லாண்டிக்கில். முதல் ஆறு வருடம் கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருக்கும் எடிசன் என்ற ஊரில் இருந்தேன்; சனி ஞாயிறு போர்டைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வருவேன். இப்போது ஒன்பது வருடமாக மான்மவுத் கவுண்டியில், கடலுக்கு சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் வீடு. கரையோர ஊர்க்காரர்கள் வெளியூர்க் கூட்டத்தை 'பென்னி' என்பார்கள். நல்ல அர்த்தத்தில் அல்ல. அந்தக் கணக்கில் நான் ஆறு வருடம் பென்னி, ஒன்பது வருடம் உள்ளூர்.

ஏற்பாடு இதுதான். மே கடைசியிலோ ஜூன் நடுவிலோ தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் லேபர் டே வரைக்கும், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து ஆறு மணி வரை மணலில் கால் வைக்க 'பீச் பேட்ஜ்' வேண்டும். ஊக்கு வைத்த சின்ன பிளாஸ்டிக் வில்லை. வருடத்துக்கு ஒரு நிறம், ஒரு டிசைன். பழையதை எல்லாம் சேர்த்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களும் உண்டு. இப்போது பல ஊர்களில் செல்போன் ஆப்பிலேயே வாங்கிக் காட்டலாம். 1929ல் பிராட்லி பீச் என்ற ஊர் தொடங்கி வைத்த பழக்கம் இது. இன்று இந்தக் கரையில் பெரும்பாலான ஊர்கள் வாங்குகின்றன. ஒரு நாளுக்கு 10 டாலரும் அதற்கு மேலும். சீசன் முழுவதற்கும் சேர்த்து வாங்கினால் மலிவு. அதிலும் சீசன் தொடங்கும் முன்பே வாங்கினால் பல ஊர்களில் இன்னும் கொஞ்சம் மலிவு.

ஒரு ஊர் பேட்ஜ் அடுத்த ஊரில் செல்லாது. இரண்டு ஊர்களுக்கு நடுவே பாறை போட்ட ஒரு தடுப்பு இருக்கும், அவ்வளவுதான். இந்தப் பக்கம் இறங்கி, நீரோட்டம் தள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கம் கரையேறினால் நீங்கள் டிக்கெட் இல்லாப் பயணி.

அப்பா முதன்முறை இங்கே வந்தபோது ஜூலை மாதம். நுழையும் இடத்தில் குடைக்கடியில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண்ணிடம் நான் காசு கொடுப்பதைப் பார்த்துவிட்டு, "ஏலே, கடலுக்குமா டிக்கெட்டு?" என்றார். "திருச்செந்தூர்லயே கோயிலுக்குள்ளதான்ல டிக்கெட்டு. கடல்ல எவனும் கேக்க மாட்டான்." நான் விளக்கினேன். லைஃப்கார்டு, குப்பை அள்ளுவது, கழிப்பறை, குளிக்கும் தண்ணீர் என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, அதுக்கு வாங்கட்டும். கால நனைக்கவுமா வாங்குவான்?" என்றார்.

இங்குள்ள நீதிமன்றங்கள் ஐம்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதும் கிட்டத்தட்ட அந்தக் கேள்வியோடுதான்.

கடலும் அலை தொடும் மணலும் யாருக்கும் சொந்தமில்லை, அரசாங்கம் மக்களுக்காகக் காத்து வைத்திருக்கும் பொதுச்சொத்து என்று ஒரு கோட்பாடு இங்கே உண்டு. நமக்கு அதைப் புரியவைக்க ஒரே சொல் போதும்: புறம்போக்கு. வரிக்கணக்குக்குப் புறத்தே போன, ஊருக்கெல்லாம் பொதுவான நிலம். (அந்த அருமையான சொல்லை நாம் வசவாக ஆக்கி வைத்திருக்கிறோம் என்பது தனி வருத்தம்.) ரோமப் பேரரசன் ஜஸ்டினியன் காலத்துச் சட்டத்திலேயே காற்றும், ஓடும் நீரும், கடலும், கடற்கரையும் எல்லோருக்கும் பொது என்று இருக்கிறது. நியூ ஜெர்சியில் இது 1821லேயே ஒரு சிப்பி வழக்கில் நீதிமன்றம் ஏறியது. ராரிட்டன் ஆற்றில் ஒருவர் தன் நிலத்தை ஒட்டிச் சிப்பி வளர்த்தார். இன்னொருவர் படகுகளோடு வந்து அள்ளிப் போனார். அலையேறும் நீரும் அதன் அடிநிலமும் பொது என்று தீர்ப்பு.

ஆனால் ஈர மணல் பொது என்றால், அதுவரை போகும் காய்ந்த மணல்? என் சொந்த அனுபவமே அதில்தான் மாட்டியது. இங்கே குடிவந்த முதல் கோடை. ஏழு மணிக்கே தண்ணீரில் இறங்கிவிட்டேன், அப்போது கேட்க ஆளில்லை. ஒன்பதரைக்குத் தாகமெடுத்து வெளியே வந்தால் எதிரே பேட்ஜ் சோதிக்கும் பையன். பதினேழு வயது இருக்கும். அப்போது சட்டத்தை அரைகுறையாகப் படித்து வைத்திருந்தேன். "நான் நிற்பது ஈர மணல், இது பொது" என்றேன். அவன் என் பையைப் பார்த்தான். பை இருபது அடி தள்ளி, நல்ல காய்ந்த மணலில். "பையை எப்படி எடுப்பீர்கள்?" என்றான். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. ஒரு நாள் பேட்ஜுக்குக் காசு கொடுத்தேன். இருபது நிமிடத்தில் வீட்டுக்குப் போக இருந்தவன் அந்த வயிற்றெரிச்சலிலேயே மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். முதுகு வெந்துவிட்டது.

பிற்பாடுதான் முழுதாகப் படித்தேன். 1984ல் பே ஹெட் என்ற கரையோர ஊர் பற்றிய வழக்கில், ஈர மணலுக்குப் போய்வரவும் ஓரளவு காய்ந்த மணலில் இருக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019ல் அந்தக் கோட்பாட்டை மாநிலச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். ஆனால் உரிமை வேறு, இலவசம் வேறு. நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ள ஊர்களுக்கு 1955லேயே சட்டம் இடம் கொடுத்துவிட்டது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் வாங்கக் கூடாது. கடற்கரைச் செலவை ஈடுகட்டத்தான் வாங்கலாம், அதை வைத்து ஊர் பிழைக்கக் கூடாது; 1989ல் பெல்மார் ஊரின் கட்டணம் பற்றிய வழக்கு இதைத் தொட்டதுதான்.

நீங்கள் கேள்வியில் 'உள்ளூர்' என்று அழுத்தியிருக்கிறீர்கள். என்னோடு அலைக்குக் காத்திருக்கும் நண்பர்கள் பாதிப்பேர் சொல்வதும் அதுதான். "நாமதான் வருஷம் பூரா இங்க இருக்கோம், சொத்து வரி கட்டறோம், ஜனவரிக் குளிர்ல கூட இறங்கறோம். நமக்கு எதுக்கு பேட்ஜ்?" எனக்கும் சில காலையில் அப்படித் தோன்றும். ஆனால் அந்தப் பாதையில் இவர்கள் ஏற்கெனவே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டார்கள். 1970 வாக்கில் ஏவன் என்ற ஊர், சீசன் பேட்ஜ் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்று வைத்தது. மற்றவர்கள் மாதத்துக்கோ நாளுக்கோ வாங்க வேண்டும், கூட்டிப் பார்த்தால் பல மடங்கு. பக்கத்து ஊரான நெப்டியூன் சிட்டிக்குச் சொந்தமாகக் கடற்கரை கிடையாது. அவர்கள் வழக்குப் போட்டு 1972ல் ஜெயித்தார்கள். கடற்கரை எல்லோருக்கும் சமம், கட்டணமும் சமமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு இல்லாதிருந்தால் எடிசனிலிருந்து வந்த ஆறு வருடமும் என் கதி என்ன? என்னைப் போல ஒருவன் இந்தக் கரையில் எத்தனை வருடம் இருந்தால் உள்ளூர்க்காரன் ஆவான்? ஒன்பது வருடம் கழித்தும் தண்ணீரில் யாராவது "எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?" என்று கேட்டால், தெருப் பெயரைச் சொல்வதா தூத்துக்குடியைச் சொல்வதா என்று எனக்கு ஒரு நொடி தடுமாறும். உள்ளூர்ச் சலுகை என்று ஒன்று வந்தால் அதை யார் பிரித்துப் பார்த்துக் கொடுப்பார்கள் என்பதை யோசித்தால், பேசாமல் காசைக் கட்டிவிடலாம் போலிருக்கிறது. எல்லோருக்கும் இலவசம் என்றால் முதல் ஆளாகக் கை தூக்குவேன். எனக்கு மட்டும் என்றால் வேண்டாம்.

சர்ஃபர் என்ற முறையில் இருக்கும் கோபம் வேறு. பேட்ஜ் காலம் என்பது நமக்கு உதவாத காலம். ஜூலையில் இங்கே அலை பெரும்பாலும் முழங்கால் உயரம். லைஃப்கார்டு இருக்கும் நேரத்தில் போர்டோடு எல்லா இடத்திலும் இறங்கவும் முடியாது. சர்ஃபிங்குக்கு என்று ஒதுக்கிய ஒரு துண்டுக் கரைக்குள் நாற்பது பேர் முட்டிக்கொள்ள வேண்டும். குளிக்க வருகிறவர்கள் மேல் போர்டு பாயக் கூடாது என்பது சரிதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் முழுக் கரைக்கும் காசு கொடுத்துவிட்டு ஒரு மூலையில் நிற்கிறோம். நல்ல அலை வருவது ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, தெற்கே எங்கோ புயல் சுழலும்போது. பிறகு குளிர்காலத்தில், புயல் கடந்து போய் மேற்குக் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசி அலையின் முகத்தைச் சீவிவிடும் நாள்களில். லேபர் டே தாண்டிவிட்டால் பேட்ஜ் கேட்க ஆளில்லை. கடற்கரையில் நாயும் அதன் சொந்தக்காரரும்தான்.

இன்னொன்று மணல். இந்தக் கரையில் அரித்துப்போகும் மணலை ராணுவப் பொறியாளர் படை கரைக்கு அப்பால் கடலடியிலிருந்து குழாய் வழியே அள்ளிக் கொட்டுகிறது. மத்திய அரசு, மாநிலம், ஊர் என்று பணம் போகிறது. பெரும்பங்கு மத்திய அரசுடையது. எடிசனில் இருந்தபோதும் என் வரிப்பணம் அந்த மணலில் இருந்தது. அப்படிக் கொட்டிய பிறகு நாங்கள் பல வருடம் பழகிய, நீருக்கடியில் இருந்து அலையை எழுப்பிக் கொடுக்கும் மணல்திட்டு புதைந்து, அலை கரைக்குப் பக்கத்தில் வந்து ஒரே அடியாக மடிந்து விழும். திட்டு மறுபடி உருவாக ஒன்றிரண்டு குளிர்காலம் ஆகலாம். நம் காசில் நம் அலையை மூடிவிட்டு, அதன் மேல் நடக்கவும் காசு கேட்டால் வாய் முணுமுணுக்கத்தான் செய்யும்.

பிறகு ஏன் கட்டுகிறாய் என்றால், ஒரு செப்டம்பர். லேபர் டே முடிந்து இரண்டாவது ஞாயிறு, வெயில் நன்றாக அடித்தது, தண்ணீரும் இன்னும் வெதுவெதுப்பு. லைஃப்கார்டு வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் கல்லூரிக்குத் திரும்பிவிட்டார்கள்; உயர நாற்காலி காலி. ஒரு பையன் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தான், அடுத்த முறை நான் திரும்பிப் பார்த்தபோது எனக்குச் சமமாக வெளியே இருந்தான். ரிப் கரண்ட், ஆளைக் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டம். அவன் கரையைப் பார்த்து நேராக நீந்திக்கொண்டிருந்தான், அதுதான் செய்யக் கூடாதது. நானும் இன்னொருவரும் போய்ப் போர்டில் ஏற்றி, கரைக்கு இணையாகத் துடுப்பிட்டு ஓட்டத்தை விட்டு விலகிக் கொண்டுவந்தோம். பெரிய சாகசம் இல்லை, பத்து நிமிட வேலை. ஆனால் வீடு வந்து வெகுநேரம் கை நடுங்கியது. ஜூலையில் அந்த இடத்தில் பயிற்சி பெற்ற நான்கு பேர் விசிலோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நான்கு பேருக்குத்தான் என் காசு போகிறது என்று நினைத்துக்கொண்டு மே மாதம் கார்டைத் தேய்க்கிறேன்.

பேட்ஜை விட மோசமான வேலி ஒன்று உண்டு: பார்க்கிங். சில ஊர்களில் கட்டணத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. கடற்கரையை ஒட்டிய தெரு முழுக்கக் குடியிருப்போர் வண்டிக்கு மட்டும், அல்லது இரண்டு மணி நேரம் மட்டும். கழிப்பறை கிடையாது. கரைக்குப் போகும் சந்து இரண்டு மாளிகைகளின் வேலிக்கு நடுவே ஒளிந்திருக்கும், பலகையும் இருக்காது. பேட்ஜ் வாங்கும் ஊர் காசைக் கொடுத்தால் உள்ளே விடும். இவர்கள் வராதே என்று சொல்லாமலே வரவிடாமல் செய்பவர்கள். போராட வேண்டும் என்றால் என் ஓட்டு முதலில் இதற்கு எதிராகத்தான்.

காசே கொடுக்க மாட்டேன் என்றால் வழி இருக்கிறது. அட்லாண்டிக் சிட்டியும் வைல்ட்வுட்டும் பேட்ஜ் வாங்குவதில்லை. சாண்டி ஹூக்கில் காருக்குத்தான் கட்டணம். சைக்கிளில் போனால் ஒன்றுமில்லை. மற்ற ஊர்களில் ஒன்பதுக்கு முன், ஐந்து ஆறுக்குப் பின். என் சர்ஃபிங்கில் முக்கால்வாசி விடியற்காலையில்தான், கணக்குப் பார்த்தால் பேட்ஜே தேவையில்லாதவன் நான்.

நீங்கள் இங்கே வருவதாக இருந்தால் செப்டம்பர் நடுவில் வாருங்கள், குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட்டில் மெல்லியதே போதும். ஜூலையில்தான் லீவு என்றால் எட்டரைக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும். பையைக் காரிலேயே பூட்டிவிட்டு, சாவியை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். போர்டை வாடகைக்கு எடுக்க வேண்டாம். என் கராஜில் பழைய ஒன்பதடி ஒன்று சும்மா கிடக்கிறது, மூக்கு கொஞ்சம் உடைந்திருக்கும்.